காரின் பேட்டரியை மின்தொகுப்புடன் இணைப்பது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மின்சார கார் வாங்கியவர்கள் பலருக்கும் சில மாதங்களில் ஒரு கணக்கு மனதில் ஓட ஆரம்பிக்கும். வீட்டில் ஒரு நாளைக்கு 8 அல்லது 10 யூனிட் செலவாகிறது. வாசலில் நிற்கும் காரில் 40 யூனிட் இருக்கிறது. வண்டி ஒரு நாளில் ஒன்றரை மணி நேரம் ஓடினாலே அதிகம்; மீதி நேரமெல்லாம் சும்மாதான் நிற்கிறது. அந்த மின்சாரத்தை வேண்டியபோது வீட்டுக்கோ ஈபிக்கோ திருப்பித் தர முடியாதா?

முடியும். அமெரிக்காவில் டெலவேர் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லட் கெம்ப்டனும் ஸ்டீவன் லெட்டெண்ட்ரேவும் 1997-லேயே இதைக் கட்டுரையாக எழுதிவிட்டார்கள். ஊர் ரோட்டில் மின்சார கார் என்று சொல்லிக்கொள்ள ஏறக்குறைய எதுவுமே இல்லாத காலம் அது. இன்று இதற்கு 'வி டூ ஜி' என்று பெயர்: வாகனத்திலிருந்து மின்தொகுப்புக்கு, அதாவது மின்நிலையங்களையும் வீடுகளையும் இணைக்கும் 'கிரிட்' என்ற கம்பி வலைக்கு.

தொடங்கும் முன் ஒரு விஷயத்தை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் பேட்டரியை முழுக்க உறிஞ்சி எடுப்பது இதன் நோக்கமே இல்லை. மின்தொகுப்புக்கு வேண்டியது, கார் பிளக்கில் இருக்கும் நேரம். சரியான சில நிமிடங்களில் கொஞ்சம் கொடுப்பது, சரியான சில மணி நேரம் எடுக்காமல் இருப்பது, இவ்வளவுதான். இது புரிந்தால் எந்தச் சாதனம் வாங்கலாம், எதற்கு இப்போது பணம் போட வேண்டாம் என்பதெல்லாம் தானாகத் தெளிந்துவிடும்.

முதல் படி: உங்கள் கணக்கைப் போடுங்கள்

யூனிட் வேறு, கிலோவாட் வேறு. பேட்டரியில் எவ்வளவு மின்சாரம் அடங்கும் என்பது யூனிட். ஒரே நேரத்தில் எவ்வளவு வேகமாக அதை உள்ளே தள்ளலாம், வெளியே எடுக்கலாம் என்பது கிலோவாட். 40 யூனிட் பேட்டரி இருந்தாலும் சார்ஜர் 7 கிலோவாட் என்றால் ஒரு மணி நேரத்தில் 7 யூனிட்டுக்கு மேல் வராது.

டாடா நெக்ஸான் காரின் 40.5 யூனிட் மாடலை எடுத்துக்கொள்வோம். பேட்டரியின் ஆயுளை நினைத்து அன்றாடம் 80 சதவீதம் வரை மட்டும் சார்ஜ் செய்கிறீர்கள் என்றால் காலையில் 32 யூனிட் இருக்கும். வேலைக்குப் போய் வர 40 கிலோமீட்டர், யூனிட்டுக்கு ஏறக்குறைய 7 கிலோமீட்டர் என்று வைத்தால் 6 யூனிட் செலவு. மாலையில் வீடு திரும்பும்போது 26 மிச்சம். ராத்திரி திடீரென்று யாரையாவது ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டி வந்தால்? அதற்காக 30 சதவீதத்தை, அதாவது 12 யூனிட்டை, யாரும் தொடக்கூடாது என்று ஒதுக்கிவிடுங்கள். ஆக, கொடுக்கக் கூடியது 14 யூனிட். 7 கிலோவாட் சார்ஜரில் சரியாக இரண்டு மணி நேரம். விடியும் முன் 20 யூனிட் திரும்ப ஏற்ற மூன்று மணி நேரம் போதும்.

உங்கள் காருக்கும் உங்கள் ஓட்டத்துக்கும் இந்த எண்கள் மாறும். போட்டுப் பாருங்கள். தினமும் 150 கிலோமீட்டர் ஓடும் டாக்ஸிக்கு மிச்சமே இருக்காது. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வெளியே எடுக்கும் காருக்கு நிறையவே இருக்கும். 'என்னிடம் 40 யூனிட் இருக்கிறது' என்ற நினைப்பு 14-க்கு இறங்கும்போது ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் அந்த 14 யூனிட், பல வீடுகளின் முழு நாள் செலவை விட அதிகம்.

கூட்டிப் பார்த்தால் இன்னும் விளங்கும். ஆனைமலையில் கடம்பாறை நீரேற்று மின்நிலையம் இருக்கிறது. மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, தேவைப்படும்போது கீழே இறக்கி 400 மெகாவாட் வரை எடுக்கிறார்கள். 7 கிலோவாட் வீதம் 57,000 கார்கள் ஒரே நேரத்தில் கொடுத்தால் அதே 400 மெகாவாட் வந்துவிடும். கடம்பாறை அளவுக்கு அவை நீண்ட நேரம் தாக்குப்பிடிக்காது. ஆனால் அவற்றுக்காக மலையும் வேண்டாம், அணையும் வேண்டாம், கார்கள் ஏற்கெனவே வாங்கப்பட்டுவிட்டன.

இரண்டாம் படி: நேரம் பார்த்து சார்ஜ் போடுங்கள்

பெரும்பாலோர் தாண்டிப் போய்விடும் படி இது. இதற்குப் புதுச் சாதனம் வேண்டாம், அனுமதி வேண்டாம்.

மதியம் சூரிய மின்சாரம் கொட்டுகிறது. மாலை ஆறு மணி ஆனால் அது இறங்கிவிடும். அதே நேரத்தில்தான் எல்லோரும் வீடு திரும்பி விளக்கு, டிவி, ஏ.சி. எல்லாவற்றையும் போடுகிறோம். அந்த நேரத்தில் மின்தொகுப்பை நடத்துபவர்களுக்கு மூச்சு முட்டும். நீங்களும் வந்ததும் வராததுமாகக் காரை 7 கிலோவாட்டில் போட்டால், ஐந்தாறு ஏ.சி.யை ஒன்றாகப் போட்டதற்குச் சமம். காரின் திரையிலோ ஆப்பிலோ 'சார்ஜ் தொடங்கும் நேரம்' என்று ஓர் அமைப்பு இருக்கும். அதில் இரவு 11 மணிக்கு மேல் வைத்துவிடுங்கள். வீட்டு மாடியில் சோலார் இருந்தால், கார் வீட்டில் நிற்கும் நாட்களில் காலை பத்திலிருந்து மதியம் மூன்று வரை வையுங்கள்.

கொடுக்காமல் வெறுமனே எடுப்பதை நிறுத்தினால் என்ன பெரிய உதவி என்று தோன்றலாம். மின்தொகுப்பில் ஒவ்வொரு நொடியும் உற்பத்தியும் செலவும் சமமாக இருந்தாக வேண்டும். 7 கிலோவாட் கொடுத்தாலும், எடுத்துக்கொண்டிருந்த 7 கிலோவாட்டை நிறுத்தினாலும் அதற்கு ஒன்றுதான். முதலாவதற்கு விலையுயர்ந்த சார்ஜர் வேண்டும். இரண்டாவதற்கு ஒரு டைமர் போதும்.

இதை மூன்று மாதம் செய்து பாருங்கள். கார் பிளக்கில் எத்தனை மணி நேரம் இருக்கிறது, காலையில் எவ்வளவு சார்ஜ் உண்மையில் தேவைப்படுகிறது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். வி டூ ஜி திட்டத்தில் சேரும்போது முதலில் கேட்கப்போவது இந்த விவரங்களைத்தான்.

மூன்றாம் படி: காரிலிருந்து நேரடியாகச் சாதனங்களுக்கு

இது 'வி டூ எல்'. கார் ஒரு பெரிய பவர் பேங்க் ஆகிறது. மின்தொகுப்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, அதனால் மின்வாரிய அனுமதியும் தேவைப்படாது. இந்தியாவில் 2023-இல் வந்த ஹூண்டாய் அயோனிக் 5-இல் இந்த வசதி 3.6 கிலோவாட் வரை உண்டு. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த புதுப்பித்த நெக்ஸானில் 3.3 கே.வி.ஏ. வரை (இதைக் கிட்டத்தட்ட கிலோவாட் என்றே வைத்துக்கொள்ளலாம்).

சார்ஜ் செய்யும் துளையில் ஓர் அடாப்டரைச் செருகினால் அதன் மறுமுனையில் சாதாரண பிளக் பாயிண்ட் கிடைக்கும். முதலில் காரின் திரைக்குப் போய், எந்த சதவீதத்தில் மின்சாரம் நிற்க வேண்டும் என்று வையுங்கள். பிறகு அடாப்டர், பிறகு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், கடைசியாகச் சாதனங்கள். ஒவ்வொன்றாகப் போடுங்கள். ஃபிரிட்ஜ், நான்கு மின்விசிறி, விளக்குகள், வைஃபை, லேப்டாப் எல்லாம் சேர்ந்தாலும் ஒரு கிலோவாட்டைத் தொடாது. அதில் ஒரு முழு இரவு ஓட்டினாலும் 5, 6 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். மோட்டார் உள்ள சாதனங்களில்தான் கவனம் வேண்டும். ஒரு எச்.பி. தண்ணீர் மோட்டார் ஓடும்போது ஒரு கிலோவாட்டை ஒட்டித்தான் இழுக்கும். ஆனால் கிளம்பும் அந்த நொடியில் பல மடங்கு இழுத்து காரின் இன்வெர்ட்டரை நிறுத்திவிடும். கீசரும் இண்டக்‌ஷன் அடுப்பும் ஒரே நேரத்தில் வேண்டாம்.

இதில் ஒரு செயல் உயிருக்கே ஆபத்து. இருபக்கமும் பிளக் வைத்த ஒயர் ஒன்றைச் செய்து, ஒரு முனையைக் கார் அடாப்டரிலும் மறுமுனையை வீட்டுச் சுவர் சாக்கெட்டிலும் செருகி வீடு முழுக்கக் கரண்ட் கொடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். செய்யவே செய்யாதீர்கள். கரண்ட் போன நேரத்தில் உங்கள் காரின் மின்சாரம் மீட்டரைத் தாண்டி வெளியே போகும். தெருவில் கம்பத்தின் மேல் ஒரு லைன்மேன், லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பி கை வைப்பார். அவர் கதி என்ன ஆகும்? கரண்ட் திரும்ப வரும் நொடியில் இரண்டு மின்சாரமும் மோதி காரின் மின்னணுப் பாகங்களும் போகும், தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு.

வீட்டு வயரிங்குக்கே கொடுக்க வேண்டும் என்றால், ஜெனரேட்டருக்குப் போடுவது போல சேஞ்ச் ஓவர் சுவிட்ச் (ஈபி, கார் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டுடன் இணைப்பது) வேண்டும். ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துத் துண்டிக்கும் வகையாக அது இருக்க வேண்டும். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும். காரின் அடாப்டரிலிருந்து வரும் மின்சாரத்துக்கு உங்கள் வீட்டு எர்த்துடன் இணைப்பு இருக்காது, ஆகவே எர்த்தும், மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் சரியாக வேலை செய்கின்றனவா என்று அவரைச் சோதிக்கச் சொல்லுங்கள். இப்படி வயரிங்கில் இணைப்பதற்கு வாரண்டி உண்டா என்பதை கார் கம்பெனியிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டையே காரில் ஓட்டும் எண்ணம் பெரிய அளவில் வேர்விட்டது ஜப்பானில். 2011 மார்ச்சில் நிலநடுக்கமும் சுனாமியும் தாக்கி மின்நிலையங்கள் முடங்கியபோது பெட்ரோலுக்கும் தட்டுப்பாடு வந்தது. மின்சாரம் முதலில் திரும்பிய இடங்களில் சார்ஜ் ஏற்றிக்கொண்ட நிஸ்ஸான் லீஃப் கார்கள் நிவாரண வேலைக்கு ஓடின. மறு ஆண்டே நிஸ்ஸானும் நிச்சிகான் நிறுவனமும், அந்தக் காரிலிருந்து வீட்டுக்கு 6 கிலோவாட் கொடுக்கும் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தன.

நான்காம் படி: கார் இடம் கொடுக்குமா?

பேட்டரியில் இருப்பது டி.சி., அதாவது ஒரே திசையில் பாயும் மின்சாரம். வீட்டிலும் மின்தொகுப்பிலும் இருப்பது ஏ.சி., அதாவது திசை மாறி மாறிப் பாயும் மின்சாரம். வெளியே கொடுக்க வேண்டுமானால் டி.சி.யை ஏ.சி.யாக மாற்றும் வேலையை யாராவது செய்ய வேண்டும். அந்த இன்வெர்ட்டர் காருக்குள் இருக்கலாம், சுவரில் மாட்டும் சார்ஜரில் இருக்கலாம். காருக்குள் இருந்தால் சார்ஜர் மலிவு. சார்ஜரில் இருந்தால் விலை எகிறும்.

பழைய லீஃப் கார்கள் உலகமெங்கும் இந்தச் சோதனைகளில் முன்னே நின்றதற்குக் காரணம், அவற்றில் இருந்த ஜப்பானிய 'சாடெமோ' சார்ஜிங் முறை இருவழி மின்சாரத்துக்கு ஆரம்பத்திலேயே வழி வைத்திருந்ததுதான். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் இப்போது கார்களில் வருவது 'சி.சி.எஸ்.' முறை. காரும் சார்ஜரும் இருவழிப் பரிமாற்றம் பற்றிப் பேசிக்கொள்வதற்கான ஐ.எஸ்.ஓ. 15118-20 என்ற தரவரையறை 2022-இல்தான் வெளியானது. அதனால் சி.சி.எஸ். கார்கள் இதில் பின்தங்கிவிட்டன.

ஷோரூமில் 'வி டூ ஜி இருக்கா?' என்று மட்டும் கேட்டால் 'இருக்கு சார்' என்ற பதில்தான் வரும். கேட்க வேண்டியது இவற்றை. வி டூ எல் மட்டுமா, வீட்டுக்கும் மின்தொகுப்புக்கும் உண்டா? 15118-20 இப்போதே இயங்குகிறதா, பிறகு அப்டேட்டில் வருமா? எந்தக் கம்பெனியின் எந்த சார்ஜருடன் சோதித்திருக்கிறார்கள்? மின்தொகுப்புக்குக் கொடுத்தால் பேட்டரி வாரண்டி நிற்குமா, எத்தனை யூனிட் வரை? கடைசிக் கேள்விக்கான பதில் வாரண்டிப் புத்தகத்தில் அச்சில் இருக்க வேண்டும். விற்பனையாளர் வாயால் சொன்னது கணக்கில் வராது.

ஐந்தாம் படி: சார்ஜர், மீட்டர், அனுமதி

மாடியில் சோலார் போட்டு நெட் மீட்டர் வாங்கியவர்களுக்கு இந்த வழி பழக்கமானது. உங்கள் வீட்டிலிருந்து மின்சாரம் வெளியே போகப்போகிறது என்றால் மின்வாரியத்துக்குத் தெரிய வேண்டும், இரண்டு பக்கமும் அளக்கும் மீட்டர் வேண்டும், இன்வெர்ட்டர் அந்த நாட்டின் தரத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும். பிரிட்டனில் உள்ளூர் விநியோக நிறுவனத்திடம் 'ஜி99' என்ற விண்ணப்பம் போடுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் 4777 என்ற இன்வெர்ட்டர் தரவரையறையை 2024-இல் திருத்தி, காரிலிருந்து கொடுப்பதற்கு வழி திறந்தார்கள்.

எந்த நாடானாலும் ஒரு விதி மாறாது. தெருவில் கரண்ட் போனால் உங்கள் சார்ஜரும் வெளியே கொடுப்பதை உடனே நிறுத்த வேண்டும். மேலே சொன்ன லைன்மேனுக்காகத்தான். அதனால் வி டூ ஜி சார்ஜர் வாங்கிய பலர், கரண்ட் போனதும் வீடும் இருட்டாவதைப் பார்த்துத் திகைத்துப்போகிறார்கள். கரண்ட் இல்லாதபோதும் வீடு ஓட வேண்டும் என்றால், வீட்டை மின்தொகுப்பிலிருந்து தனியாகப் பிரிக்கும் சாதனம் கூடுதலாக வேண்டும். விலை கேட்கும்போதே இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

இந்தியாவில் வீட்டுக் காரிலிருந்து மின்சாரம் விற்கும் திட்டம் பொதுமக்கள் எல்லோருக்கும் இன்னும் திறக்கவில்லை. கேரள மின்வாரியம் ஐ.ஐ.டி. பம்பாயுடன் சேர்ந்து முன்னோட்டத் திட்டத்தில் இறங்கியிருக்கிறது. ஆகவே தமிழ்நாட்டில் இருப்பவர்கள் இப்போது மூன்றாம் படியோடு நிற்கலாம். இருவழி சார்ஜருக்கு இன்று பணம் கட்ட வேண்டாம். லண்டனிலோ மெல்பர்னிலோ இருப்பவர்கள் மேலே போகலாம்.

ஆறாம் படி: கார்களைச் சேர்த்து நடத்துபவரிடம் சேருங்கள்

ஒற்றைக் காரின் 7 கிலோவாட்டை மின்சாரச் சந்தை ஏறெடுத்துப் பார்க்காது. நூற்றுக்கணக்கான கார்களைச் சேர்த்து ஒரே மின்நிலையம் போல நடத்தும் நிறுவனம் நடுவில் தேவை. சில நாடுகளில் மின்சாரம் விற்கும் நிறுவனமே இதைச் செய்கிறது. பிரிட்டனில் ஆக்டோபஸ் எனர்ஜி 2024-இல் கொண்டுவந்த 'பவர் பேக்' திட்டத்தில் பேரம் எளிமையானது: நாளொன்றுக்குச் சராசரியாக ஆறு மணி நேரம் காரைப் பிளக்கில் வைத்திருங்கள், ஓட்டுவதற்கான சார்ஜ் இலவசம். எத்தனை யூனிட் கொடுத்தீர்கள் என்று அவர்கள் உங்களிடம் கணக்கு கேட்கவில்லை. காசு, பிளக்கில் இருந்த நேரத்துக்கு.

அந்த நேரத்தின் மதிப்பு என்ன என்பதற்கு, 2024 பிப்ரவரி 13 அன்று ஆஸ்திரேலியாவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். விக்டோரியா மாநிலத்தில் கடும் புயல். உயரழுத்த மின்கோபுரங்கள் சாய்ந்தன. லோய் யாங் ஏ என்ற பெரிய நிலக்கரி மின்நிலையம் தொகுப்பிலிருந்து கழன்றது. லட்சக்கணக்கான வீடுகள் இருட்டில். பல நூறு கிலோமீட்டர் தள்ளி கான்பெராவில், ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்காக அரசாங்க அலுவலகங்களில் லீஃப் கார்கள் நின்றுகொண்டிருந்தன. அந்த நொடியில் ஆறு இடங்களில் 16 கார்கள் பிளக்கில் இருந்தன. நான்கு கார்களில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

மின்நிலையம் கழன்றதும் மின்தொகுப்பின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸிலிருந்து இறங்கியது. செலவுக்கு ஈடான உற்பத்தி இல்லை என்பதன் அடையாளம் அது. ஒரே தொகுப்பில் இருக்கும் எந்த ஊரின் பிளக் பாயிண்டிலும் அந்த இறக்கம் அதே கணத்தில் தெரியும். சார்ஜர்கள் அதைப் பார்த்தன. யாரும் போன் செய்யவில்லை, யாரும் பட்டன் அழுத்தவில்லை. ஏறிக்கொண்டிருந்த சார்ஜ் நின்றது, கார்கள் வெளியே கொடுக்க ஆரம்பித்தன. மொத்தம் 107 கிலோவாட். ஒரு மாநில நெருக்கடியில் அது கடுகளவுதான். ஆனால் இதே போல 1,05,000 கார்கள் செயல்பட்டால் கான்பெராவுக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துக்கும் வேண்டிய மொத்த அவசரக் கையிருப்பும் கிடைத்துவிடும் என்று ஆய்வுக்குழுவின் பியோர்ன் ஸ்டர்ம்பெர்க் கணக்குச் சொன்னார்.

அதே நிகழ்வு இன்னொரு பாடத்தையும் கொடுத்தது. பத்து நிமிடம் ஆனதும் பெரும்பாலான கார்கள் கொடுப்பதை நிறுத்திவிட்டு, தம் வழக்கப்படி திரும்ப சார்ஜ் ஏற்ற ஆரம்பித்துவிட்டன. நெருக்கடி முடிந்ததா என்று அவை பார்க்கவில்லை. திட்டத்தில் சேரும்போது 'கொடுத்து முடித்த பிறகு என் கார் எப்போது திரும்ப எடுக்கும், யார் முடிவு செய்வார்கள்?' என்று கேளுங்கள். உங்கள் பில்லுக்கும் அது முக்கியம்.

ஏழாம் படி: எல்லைகளை நீங்களே வையுங்கள்

ஆப்பில் மூன்று அமைப்புகள் இருக்கும். இதற்குக் கீழே போகக்கூடாது என்ற சதவீதம், காலையில் எத்தனை மணிக்கு எத்தனை சதவீதம் வேண்டும், இன்றைக்கு மட்டும் என்னைத் தொடாதே என்ற பட்டன். முதல் மாதம் கீழ் எல்லையை 50 சதவீதத்தில் வையுங்கள். பழகப் பழக 30-க்கு இறக்கலாம். வீட்டில் காரை ஓட்டும் எல்லோருக்கும் அந்த மூன்றாவது பட்டன் எங்கே இருக்கிறது என்று காட்டிவிடுங்கள். விடியற்காலை கிளம்பும்போது சார்ஜ் இல்லை என்று ஒரே ஒரு முறை ஆனாலும், அந்த வீட்டில் இந்தத் திட்டம் அதோடு முடிந்தது.

அப்புறம், எல்லோரும் கேட்கும் கேள்வி: பேட்டரி சீக்கிரம் கெட்டுப்போகாதா?

2017-இல் இதற்கு எதிரெதிரான இரண்டு ஆய்வுகள் வந்தன. ஹவாய் பல்கலைக்கழகத்தின் மத்தியூ டுபாரி குழு, தினமும் முழு வேகத்தில் கொடுத்து வாங்கினால் பேட்டரி தேய்கிறது என்றது. பிரிட்டனின் வாரிக் பல்கலைக்கழகத்தில் கொத்துப் உத்தின் குழு, புத்திசாலித்தனமாக நடத்தினால் ஆயுள் கூடவும் செய்யலாம் என்றது. பிறகு இரு தரப்பும் சேர்ந்து உட்கார்ந்து 2018-இல் ஒரு கூட்டுக் கட்டுரை எழுதினார்கள். இரண்டு முடிவும் சரிதான். நடத்தும் முறைதான் வேறு என்பது அதன் சாரம்.

காரணம் இதுதான். லித்தியம் பேட்டரி இரண்டு வழியில் தேயும். ஏற்றி இறக்குவதால் ஒன்று, சும்மா இருப்பதால் இன்னொன்று. 100 சதவீத சார்ஜோடு வெயிலில் நிற்பது அதற்கு மிகக் கெடுதி. மாலையில் கொஞ்சம் கொடுத்து நடுவாந்தர நிலையில் இரவைக் கழித்து, கிளம்பும் முன் நிரம்பும் பேட்டரிக்கு அந்தச் சும்மா தேய்மானம் குறைகிறது. 30-க்கும் 80-க்கும் நடுவில் மெதுவாக ஆடும் பேட்டரியைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. பேராசைப்பட்டு தினமும் 100-லிருந்து 10 வரை இறக்கினால் கவலைப்பட்டே ஆக வேண்டும். மே மாத மதுரை வெயிலில் திறந்த வெளியில் நிறுத்துபவர்களுக்கு, முதலில் ஒரு கூரை போடுவதே பேட்டரிக்குச் செய்யும் நல்ல காரியம்.

எட்டாம் படி: காசு கட்டுமா?

ஒரு மாதிரிக் கணக்கு. மலிவான நேரத்தில் யூனிட் 5 ரூபாய், விலை ஏறிய நேரத்தில் 10 ரூபாய் என்று வையுங்கள். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் சூடாகி வீணாவது 15 சதவீதம் என்றால், 10 யூனிட் கொடுக்க ஏறக்குறைய 11.8 யூனிட் வாங்க வேண்டும். வாங்க 59 ரூபாய், விற்க 100 ரூபாய். மிச்சம் 41. மாதம் 20 நாள் செய்தால் 820 ரூபாய், ஆண்டுக்கு 9,840.

இருவழி சார்ஜர்கள் ஆஸ்திரேலியாவில் முதலில் வந்தபோது 10,000 ஆஸ்திரேலிய டாலரை ஒட்டி விற்றன. நம் பணத்தில் ஐந்து லட்ச ரூபாய்க்கு மேல். விலை இறங்கிக்கொண்டிருக்கிறது, ஆனாலும் மேலே உள்ள வருமானத்தை வைத்துப் பார்த்தால் சொந்தக் காசில் வாங்குவது இன்று பலருக்குக் கட்டுப்படி ஆகாது. விலை வித்தியாசம் மூன்று நான்கு மடங்கு இருக்கும் ஊர்களில், அல்லது சார்ஜரைத் திட்டமே தரும் இடங்களில் கட்டும். உங்கள் ஊரில் பகலுக்கும் இரவுக்கும் வீட்டுக்கு ஒரே விலை என்றால் கணக்கை அங்கேயே மூடிவிடலாம்: வாங்கிய விலைக்கே விற்றால் வீணாகும் 15 சதவீதம் உங்கள் கைக்காசு.

என் பார்வையில் தனி வீடுகளை விட வண்டிக் கூட்டங்களுக்குத்தான் இது முதலில் பொருந்தும். பள்ளிப் பேருந்தைப் பாருங்கள். காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை, கோடை விடுமுறை முழுக்க ஓய்வு. பேட்டரியோ காரை விடப் பல மடங்கு பெரியது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பெவர்லி என்ற ஊரில் 2021 கோடையில் ஒரு மின்சாரப் பள்ளிப் பேருந்து, 50 மணி நேரத்துக்கும் மேல் மின்தொகுப்புக்குக் கொடுத்தது. மொத்தம் 3,000 யூனிட்டை ஒட்டி. கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் 2024-இல் 74 மின்சாரப் பள்ளிப் பேருந்துகள் வந்தன. ஆண்டுக்கு 21 லட்சம் யூனிட் திருப்பித் தருவது அங்கே இலக்கு. பள்ளிக்கூடமோ கம்பெனி வண்டிகளோ நடத்துபவர்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால், மின்சார வண்டிக்கு ஆர்டர் கொடுக்கும்போதே இருவழி வசதியை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். பிறகு மாற்றுவது பல மடங்கு செலவு.

காருக்கு உதவாத பேட்டரி

காரில் 70, 80 சதவீதம் கொள்ளளவுக்கு இறங்கிய பேட்டரிக்கு ஓட்டும் தூரம் குறைந்திருக்கும். ஒரே இடத்தில் வைத்து மின்சாரம் சேமிக்க அது இன்னும் பல ஆண்டுகள் வரும். ஆம்ஸ்டர்டாமின் யோஹான் க்ரைஃப் கால்பந்து அரங்கில் 2018-இல் 148 லீஃப் பேட்டரிகளைச் சேர்த்து 3 மெகாவாட் சேமிப்பு நிலையம் கட்டினார்கள். அவற்றில் ஒரு பகுதி ஏற்கெனவே காரில் ஓடியவை. 2025-இல் அமெரிக்காவின் ரெட்வுட் நிறுவனம் நெவாடாவில், பழைய கார் பேட்டரிகளை மட்டும் வைத்து 63,000 யூனிட் கொள்ளும் நிலையம் ஒன்றை இயக்கத் தொடங்கியது.

இதைப் பார்த்து, பழைய கார் பேட்டரியை வாங்கி வீட்டில் தானே பிரித்து இன்வெர்ட்டரில் இணைக்கலாம் என்று யோசிப்பவர்கள் இருக்கிறார்கள். அதில் 300, 400 வோல்ட் டி.சி. இருக்கிறது. தொட்டால் விடாது. ஒரு செல் பழுதானால் பிடிக்கும் தீயை வாளித் தண்ணீரால் அணைக்க முடியாது. சோதித்து, தரம் பிரித்து, பாதுகாப்பு மின்னணுவோடு விற்கும் நிறுவனத்திடம் முழுப் பெட்டியாக வாங்குங்கள், இல்லையேல் விட்டுவிடுங்கள்.

இப்போதே செய்து வைக்கக்கூடியவை

வீடு கட்டுகிறீர்கள், அல்லது கார் சார்ஜருக்கு வயர் இழுக்கப்போகிறீர்கள் என்றால் சில சின்ன வேலைகளைச் சேர்த்தே முடித்துவிடுங்கள். மெயின் போர்டிலிருந்து கார் நிற்கும் இடம் வரை தடிமனான பைப் போட்டு, பக்கத்திலேயே நெட்வொர்க் கேபிளுக்குத் தனி பைப் ஒன்றும் விடுங்கள். வி டூ ஜி சார்ஜருக்கு இணையத் தொடர்பு இடைவிடாமல் வேண்டும். சார்ஜருக்குத் தனி எம்.சி.பி. (அளவுக்கு மீறி மின்சாரம் போனால் துண்டிக்கும் சுவிட்ச்), தனி ஆர்.சி.சி.பி. போடுங்கள். ஃபிரிட்ஜ், விளக்கு, மின்விசிறி போன்ற அவசியமானவற்றை மெயின் போர்டில் தனி சர்க்யூட்டாகப் பிரித்து வையுங்கள். நாளைக்குக் காரிலிருந்து வீட்டுக்குக் கொடுக்கும்போது சுவரை உடைக்க வேண்டியிருக்காது. சோலார் இன்வெர்ட்டரையும் கார் சார்ஜரையும் பக்கத்துப் பக்கத்தில் மாட்ட இடம் விடுங்கள். மின் இணைப்பில் உங்களுக்கு அனுமதித்த லோடு எத்தனை கிலோவாட் என்று பழைய ஈபி பில்லை எடுத்துப் பாருங்கள். வீட்டுச் சாதனங்களோடு சார்ஜரையும் தாங்க அது போதாது என்றால், 7 கிலோவாட் சார்ஜர் மாட்டும் முன் லோடை உயர்த்த விண்ணப்பம் போடுங்கள்.